எபிசோட் 37: எண்ணிக்கை சரியா இருக்கு சார்

(ஒலி வடிவத்திலிருந்து எழுத்தாக்கி, வாசிப்புக்காக லேசாகத் திருத்தப்பட்டது. சிறுவர்களை அடிப்பது பற்றிய பேச்சு இதில் வருகிறது. கேட்க, படிக்கச் சிரமமாக இருக்கும் என்று தோன்றினால் இந்த எபிசோடைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

 

போன எபிசோட் முழுக்க அப்ரைசல், நோட்டீஸ் பீரியட்னு புலம்பித் தள்ளிட்டேன். அதுக்கு நீங்க அனுப்பின வாய்ஸ் நோட் எல்லாத்தையும் கேட்டேன். நம்மள மாதிரி இவ்வளவு பேரான்னு ஒரு அல்ப சந்தோஷம். இன்னைக்கு ஆபீஸ் கதை இல்ல, சொந்தக் கதை. ரெண்டு வருஷமா என் லேப்டாப்புல டிராஃப்டாவே கிடந்தது. மூணு தடவை ரெக்கார்ட் பண்ணிட்டு மூணு தடவையும் டெலீட் பண்ணியிருக்கேன்.

விஷயம் இதுதான். ஆறு வயசுல இருந்து பதினோரு வயசு வரைக்கும் நான் வளர்ந்தது ஒரு பையன்கள் சீர்திருத்தப் பள்ளிக்குள்ள. என்னோட நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச ரூம் மேட்டுக்கே இது தெரியாது. பயப்படாதீங்க, நான் எந்தக் கேஸ்லயும் மாட்டல. எங்கப்பா அங்க தச்சு வேலை சொல்லித்தர்ற மாஸ்டர். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் அந்த காம்பவுண்டுக்குள்ளேயே இருந்துச்சு. அதனால நாங்களும் உள்ள இருந்தோம்.

ஊர் பேரு சொல்ல மாட்டேன். ஏன்னு கடைசியில உங்களுக்கே புரியும்.

சுவத்துக்கு உள்ள

சீர்திருத்தப் பள்ளின்னா உங்க மனசுல வர்றது அநேகமா 2021 பொங்கலுக்கு வந்த 'மாஸ்டர்' படமாத்தான் இருக்கும். விஜய் சேதுபதி உட்கார்ந்த இடத்துல இருந்தே பசங்களை ஆட்டி வைப்பாரு, விஜய் வந்து திருத்துவாரு. எங்க இடத்துல பவானியும் இல்ல, ஜேடியும் இல்ல. பெரும்பாலான நாள் பயங்கர போர் அடிக்கிற ஒரு ஹாஸ்டல் மாதிரிதான் இருக்கும். ஒரே வித்தியாசம், கேட்டை உள்ள இருந்து திறக்க முடியாது.

பேரைப் பத்தி ஒரு சின்ன விளக்கம் கொடுத்துடறேன், ஏன்னா நிறைய பேர் குழப்பிக்குவாங்க. விசாரணை நடக்கும்போது பசங்களை வைக்கிற இடம் கூர்நோக்கு இல்லம். இளைஞர் நீதிக் குழுமம் விசாரிச்சு, தப்பு பண்ணியிருக்கான்னு முடிவு பண்ணின பிறகு அனுப்புற இடம் சிறப்பு இல்லம். அங்க அதிகபட்சம் மூணு வருஷம். எங்கப்பா வேலை பார்த்தது இந்த ரெண்டாவது வகை. ஆனா அப்பா தலைமுறை ஆளுங்க யாரும் சிறப்பு இல்லம்னு சொல்லி நான் கேட்டதில்ல. அவங்களுக்கு அது 'அப்ரூவ்ட் ஸ்கூல்'. 1920-ல வந்த சென்னைக் குழந்தைகள் சட்டத்தோட காலத்துப் பேரு அது. ஆட்டோக்காரர்கிட்ட அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க. சொன்னதும் அவர் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாரு.

எனக்கு அந்த இடத்துல முதல்ல ஞாபகம் வர்றது ஒரு சத்தம். வேப்ப மரத்துல ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்க விட்டிருந்தாங்க, அதான் மணி. அது அடிச்சா பசங்க எல்லாரும் எங்க இருந்தாலும் வந்து வரிசையில குத்துக்கால் போட்டு உட்காரணும். காலையில எழுந்ததும் ஒரு எண்ணிக்கை, வகுப்புக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒண்ணு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒண்ணு, படுக்கப் போகும்போது ஒண்ணு. ஒரு வார்டன் நடந்துக்கிட்டே விரலை நீட்டி எண்ணுவாரு. முடிச்சதும் சூப்பிரண்டுகிட்ட போய், "எண்ணிக்கை சரியா இருக்கு சார்." ஒரு நாளைக்கு அஞ்சு தடவை இந்த ஒரு வாக்கியம். நான் வீட்டுல விளையாடும்போது இட்லித் தட்டை எண்ணிட்டு, "எண்ணிக்கை சரியா இருக்கு சார்"னு அம்மாகிட்ட சல்யூட் அடிப்பேன். அம்மா சிரிப்பாங்க.

அப்பாவோட பட்டறையிலயும் இதே கதைதான். சுவத்துல ஒரு பெரிய பலகை. உளி, சுத்தியல், ரம்பம், இழைப்புளி, அடிஸ்கேல்னு ஒவ்வொரு சாமானும் மாட்டுற இடத்துல அதோட உருவத்தைக் கறுப்புப் பெயின்ட்ல வரைஞ்சிருப்பாரு. சாயங்காலம் எல்லாம் அதது இடத்துல ஏறியாகணும். ஒரு உருவம் காலியா இருந்தாலும் ஒருத்தனும் வெளிய போக முடியாது. ஒரு தடவை ஒரு அரையங்குல உளி காணாம, முப்பது பசங்களை எட்டு மணி வரைக்கும் உட்கார வெச்சாங்க. கடைசியில மரத்தூளுக்குள்ள கிடந்துச்சு. அப்பா அதுல ரொம்பக் கறார்.

பம்பரம் செஞ்சு கொடுத்த அண்ணன்

"அவங்களோட சேராத." இது அம்மாவோட தினசரி பாட்டு. அதே அம்மா தீபாவளிக்கு ஒரு தூக்கு நிறைய முறுக்கு சுட்டு அப்பாகிட்ட பட்டறைக்குக் கொடுத்து விடுவாங்க. தீபாவளி ராத்திரி பசங்க எல்லாரும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ஊர்க்காரங்க விடுற ராக்கெட்டைப் பார்ப்பாங்க. சுவத்துக்கு மேல ஏறினதுக்கு அப்புறம்தான் அவங்களுக்குத் தெரியும். எனக்குக் கையில கம்பி மத்தாப்பு. அதை அவங்களுக்கு எதிர்ல கொளுத்தக் கூச்சமா இருந்துச்சு. ஏன் கூச்சம்னு அப்போ தெரியல.

நான் சேரத்தான் செஞ்சேன். லீவு நாள்ல பட்டறை வாசல்லயேதான் கிடப்பேன். அங்க ஒரு அண்ணன் இருந்தான். பதினஞ்சு, பதினாறு வயசு இருக்கும். கடைசல் வேலையில அவனை அடிச்சுக்க ஆள் இல்லைன்னு அப்பாவே சொல்லுவாரு. மிச்சம் விழுந்த கட்டையில எனக்கு ஒரு பம்பரம் கடைஞ்சு கொடுத்தான். ஆணியை எவ்வளவு வெளிய விடணும், சாட்டையை எப்படி இறுக்கிச் சுத்தணும், எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்ததுதான். என்னை 'சின்ன மாஸ்டர்'னு கூப்பிடுவான். என்ன கேஸ்ல வந்தான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் இங்க சொல்ல மாட்டேன்.

மாசா மாசம் அவங்கம்மா மனு பார்க்க வருவாங்க. பார்க்க வர்றதை அங்க 'மனு'ன்னுதான் சொல்லுவாங்க. ஒரு சின்னப் பொண்ணு கூட வரும், அவன் தங்கச்சி. வர்ற அன்னைக்கு அவன் காலையிலயே தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட கேட்டைப் பார்த்த மாதிரியே நின்னுக்கிட்டு இருப்பான்.

2004. நான் மூணாவது படிக்கிறேன். தொடர்ந்து ரெண்டு மாசம் அவங்கம்மா வரல. போன் கிடையாது. லெட்டருக்குப் பதில் இல்ல. அப்போதான் அவன் என்கிட்ட கேட்க ஆரம்பிச்சான். எல்லாத்தையும் ஒரே நாள்ல கேட்கல.

"சின்ன மாஸ்டர், நீ ஸ்கூலுக்கு எந்தப் பக்கமாப் போவ?"

இன்னொரு நாள், "ரயில்வே கேட்டுன்னு சொன்னியே, அதுக்கு அப்புறம் என்ன வரும்?"

இன்னொரு நாள், "ஸ்டேஷன்ல நைட்டு வண்டி நிக்குமா?"

எட்டு வயசுப் பையன்கிட்ட பெரிய பையன் ஒருத்தன் வழி கேட்டா எவ்வளவு பெருமையா இருக்கும்! நான் தரையில குச்சியால கோடு போட்டுக் காட்டினேன். இது கேட்டு, இது டீக்கடை, இது தண்டவாளம்னு. "எங்க போகப் போற?"ன்னு கேட்டேன். "எங்கயும் இல்லடா. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோன்னு இருக்கு"ன்னான்.

ஆறு மணி எண்ணிக்கை

அன்னைக்கு ஆறு மணிக்கு மணி அடிச்சது. வழக்கமா அஞ்சு நிமிஷத்துல முடியுறது முடியல. திரும்ப மணி. திரும்ப எண்ணினாங்க. மூணாவது தடவை மணி அடிச்சப்போ அம்மா கேஸை அணைச்சுட்டு வாசலுக்கு வந்துட்டாங்க.

ஒரு ஆள் குறையுது.

கொஞ்ச நேரத்துல அப்பாவும் சூப்பிரண்டும் வீட்டுக்கே வந்துட்டாங்க. நான் அவனோட சுத்துறதை எல்லாரும் பார்த்திருக்காங்க இல்லையா. சூப்பிரண்டு குனிஞ்சு, ரொம்பத் தன்மையா கேட்டாரு. "தம்பி, அந்த அண்ணன் உன்கிட்ட ஏதாச்சும் சொன்னானா? எங்க போறேன்னு?"

நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அப்பா பயந்து போய் நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல. "ரயில்வே கேட்டு"ன்னேன். "அதுக்கு அப்புறம் ஸ்டேஷன்."

சூப்பிரண்டு என் தலையைத் தடவிட்டு பத்து ரூபா கொடுத்தாரு.

ஸ்டேஷன்லயே பிடிச்சுட்டாங்க. வண்டி வர்றதுக்கு முன்னாடியே. ஜீப் உள்ள வந்த சத்தம் கேட்டுச்சு. அது 'மெட்டி ஒலி' காலம். எங்க வீட்டுலயும் டிவி ஓடிக்கிட்டிருந்தது. பட்டறைப் பக்கம் இருந்து முதல் சத்தம் கேட்டப்போ அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாங்க. அடுத்த சத்தத்துக்கு டிவி வால்யூமைக் கூட்டினாங்க. அப்புறம் இன்னும் கொஞ்சம் கூட்டினாங்க. எங்க அம்மா ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல.

அப்பா ரொம்ப நேரம் கழிச்சு வந்தாரு. சாப்பிடல. கை மட்டும் கழுவிட்டுப் படுத்துட்டாரு.

மறுநாள் ஸ்கூலுக்குப் போகும் முன்னாடி பட்டறைக்கு ஓடினேன். பலகையில எல்லா சாமானும் இருந்துச்சு. அடிஸ்கேல் உருவம் மட்டும் காலி. சாமானை எண்ணாம பட்டறையைப் பூட்டாத எங்கப்பா, அன்னைக்கு அது குறையறதைப் பத்தி யாரையும் கேட்கல.

அவனை நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் பார்த்தேன். உப்புத்தாள் போட்டு ஒரு ஸ்டூல் காலைத் தேய்ச்சுக்கிட்டிருந்தான். நின்னுக்கிட்டே தேய்ச்சான், உட்காரல. நான் வாசல்லயே நின்னேன். அவன் நிமிராமலே சொன்னான், "யாராச்சும் வழி கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு தம்பி. யாரு கேட்டாலும்."

சின்ன மாஸ்டர்னு சொல்லல, தம்பின்னு சொன்னான். அதுதான் அவன் என்கிட்ட கடைசியாப் பேசினது. கொஞ்ச நாள்ல அவனை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. அந்தப் பத்து ரூபாயில நான் என்ன வாங்கினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், ஞாபகம் வரல. ஏதோ வாங்கித் தின்னிருப்பேன்.

அப்பாவுக்கு ஒரு போன்

அப்புறம் டிரான்ஸ்பர், வேற ஊர், ப்ளஸ் டூ, கவுன்சிலிங், காலேஜ், கேம்பஸ் பிளேஸ்மென்ட். இந்தக் கதையை நான் தூக்கி எங்கயோ ஒரு ஃபோல்டர்ல போட்டுட்டேன்.

2022 டிசம்பர் கடைசியில, செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துல 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துபோனது உங்கள்ல சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அங்க வேலை பார்த்தவங்க கைது செய்யப்பட்டாங்க. அதுக்கு அப்புறம் 2023-ல இந்த இல்லங்களை எப்படிச் சீர் பண்ணலாம்னு ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவா தமிழக அரசு நியமிச்சது. 'ஜெய் பீம்' படத்துல சூர்யா பண்ணின கேரக்டருக்கு மூலமான வக்கீல், அவரேதான். எங்கப்பா வேலை பார்த்த இடம் செங்கல்பட்டு இல்ல. ஆனா ஓஎம்ஆர்ல கம்பெனி பஸ்ல உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படிச்சப்போ, எனக்கு முதல்ல கேட்டது தண்டவாள மணி. அடுத்து டிவி சத்தம்.

அன்னைக்கு நைட்டு அப்பாவுக்கு போன் போட்டேன். அவர் ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. சுத்தி வளைச்சுக் கேட்க நினைச்சேன், வரல. நேராவே கேட்டுட்டேன். "அப்பா, அன்னைக்கு நீங்களும் அடிச்சீங்களா?"

எந்த அன்னைக்குன்னு அவர் கேட்கல. 19 வருஷம் ஆச்சு.

"அடிச்சேன்டா. எல்லாரும் அடிச்சோம். நானும்தான்."

அப்புறம் நான் எதுவும் கேட்காமலே பேசினாரு. அத்தனை பசங்களுக்கு ராத்திரியில ரெண்டு பேர்தான் டியூட்டி. ஒருத்தன் ஓடிட்டா எல்லாருக்கும் மெமோ, சஸ்பென்ஷன். அவருக்கு அப்போதான் வீட்டு லோன் சாங்ஷன் ஆகியிருந்தது. இதெல்லாம் சொல்லிட்டு ஒரு நிமிஷம் அமைதியா இருந்தாரு. அதுக்கு அப்புறம் சொன்னதைத்தான் நான் இந்த எபிசோடுக்காகத் தூக்கிட்டுத் திரியறேன்.

"எண்ணிக்கை குறைஞ்சா மெமோ வரும். அடிச்சதுக்கு என் சர்வீஸ்ல யாருக்கும் மெமோ வந்து நான் பார்த்ததில்ல."

நான் பார்க்கிற வேலையில இது தினமும் நடக்கும். டேஷ்போர்டுல எந்த நம்பர் இருக்கோ அதைத்தான் டீம் துரத்தும். டிக்கெட் எத்தனை மூடினோம்னு எண்ணினா டிக்கெட் மூடும், பிரச்சனை தீராது. அங்க பசங்களை எண்ணினாங்க, உளியை எண்ணினாங்க. விழுந்த அடியை எண்ண ஒரு ரிஜிஸ்டர் இல்ல.

சட்டம் கேட்கச் சொன்ன கேள்வி

அந்த போனுக்கு அப்புறம் நான் சட்டத்தை எடுத்துப் படிச்சேன். வக்கீல் இல்ல, ஒரு டெவலப்பர் டாக்குமென்டேஷன் படிக்கிற மாதிரி படிச்சேன். படிக்கப் படிக்க வயித்தைப் பிசைஞ்சது.

2004-ல நடைமுறையில இருந்தது 2000-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். சிறப்பு இல்லத்துல இருந்து ஒரு பையன் தப்பிச்சுப் போனா, போலீஸ் அவனைப் பிடிச்சுத் திரும்பக் கொண்டு வந்து விடலாம். தப்பிச்சதுக்காக அவன் மேல தனியா எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாதுன்னு அதுலயே இருக்கு. பொறுப்புல இருக்கிற ஆளு குழந்தையை அடிச்சாத்தான் தண்டனை, ஆறு மாசம் வரைக்கும் சிறை. அதாவது அன்னைக்கு ராத்திரி சட்டப்படி குத்தம் பண்ணினது அவன் இல்ல.

இப்போ இருக்கிறது 2015-ம் வருஷத்துச் சட்டம். இதைப் பத்திப் பேச்சு வந்தாலே 16 வயசு தாண்டின பையன் கொடூரமான குத்தம் பண்ணினா, வயசு வந்தவனா விசாரிக்கலாமாங்கிற சண்டை மட்டும்தான் நம்ம காதுல விழும். அந்தச் சட்டத்துல 26-வது பிரிவு ஒண்ணு இருக்கு. ஓடிப்போய்ப் பிடிபட்ட பையனை 24 மணி நேரத்துக்குள்ள குழுமத்து முன்னாடி கொண்டு போகணும். அவன் ஏன் ஓடினான்னு குழுமம் தெரிஞ்சுக்கணும். அதுக்கு அப்புறம்தான் எங்க அனுப்புறதுன்னு முடிவு. ஓடினதுக்காக வேற நடவடிக்கை கிடையாது. 75-வது பிரிவுல, இல்லத்துல வேலை பார்க்கிறவங்க குழந்தையைக் கொடுமைப்படுத்தினா அஞ்சு வருஷம் வரைக்கும் கடுங்காவல், அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம். மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது ஆய்வுக் குழு உள்ள போய்ப் பார்க்கணும், அதுல ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அதிகாரியும் இருக்கணும்னும் இருக்கு. இவ்வளவும் எழுதி வெச்ச பிறகுதான் 2022 டிசம்பர் வந்தது.

'ஏன் ஓடினான்?' இந்த ஒரு கேள்வியிலதான் நான் நின்னுட்டேன். அன்னைக்கு அந்த காம்பவுண்டுல அதுக்குப் பதில் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். எட்டு வயசு. கையில பத்து ரூபா. எங்க போனான்னு எல்லாரும் கேட்டாங்க, சொன்னேன். ஏன் போனான்னு யாராவது கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன். "அவங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லை போல, ரெண்டு மாசமா வரல." அவ்வளவுதான். ஒரு வார்டனைக் கூட்டிட்டு ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வந்திருந்தா முடிஞ்சிருக்கும். அப்பாகிட்ட இதைச் சொன்னேன். "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான்டா கேள்விப்படுறேன்"னாரு. அவங்கம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது.

தேடாம விட்டது

ஒரு நாள் ராத்திரி அவனைத் தேட உட்கார்ந்தேன். பேரு முழுசா ஞாபகம் இருக்கு. ஊரும் தெரியும். சர்ச் பாக்ஸ்ல டைப் பண்ணிட்டேன், என்டர் தட்டல.

ஏன்னா அதே சட்டத்துல 24-வது பிரிவும் இருக்கு. இந்த மாதிரி இல்லத்துல இருந்துட்டு வந்த பையனுக்கு, அந்தக் குத்தத்தால எந்தத் தகுதி இழப்பும் வரக் கூடாது. அப்பீல் காலம் முடிஞ்சதும் அந்த ரெக்கார்டுகளை அழிச்சுடணும். வயசு வந்தவனா விசாரிச்ச கேஸ் மட்டும் விதிவிலக்கு. நம்ம பாஷையில சொன்னா சாஃப்ட் டெலீட் இல்ல, ஹார்ட் டெலீட். புதுசா ஆரம்பிக்கிற உரிமைன்னு அதை ஒரு கொள்கையாவே எழுதி வெச்சிருக்காங்க. இப்போ அவனுக்கு 36, 37 வயசு இருக்கும். எங்கயோ ஒரு ஃபர்னிச்சர் கடை வெச்சிருக்கலாம். பொண்டாட்டிக்குக்கூட இது தெரியாம இருக்கலாம். நான் போய் "அண்ணா, ஞாபகம் இருக்கா"ன்னு நின்னா, அரசாங்கம் அழிச்சதை நான் திரும்ப எழுதின மாதிரி ஆயிடும். மன்னிப்புக் கேட்டா எனக்கு லேசாகும். அவனுக்கு? வழி கேட்டா யாருக்கும் சொல்லாதன்னு அவன் சொன்னதை இந்த ஒரு விஷயத்துலயாவது கேட்போம்னு விட்டுட்டேன்.

உங்க ஆபீஸ்ல, உங்க தெருவுல இப்படி ஒருத்தர் இருக்கலாம். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் டீம்ல வேலை பார்க்கிறவங்க இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, 24-வது பிரிவை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. எங்கயாவது ஒரு குழந்தை அடி வாங்குறது உங்களுக்குத் தெரிய வந்தா 1098-க்கு போன் பண்ணுங்க. டிவி வால்யூமைக் கூட்டாதீங்க. இது எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அம்மா மேல கோபம் இல்ல. அந்த வீட்டுல அன்னைக்கு ரிமோட் என் கைக்கு எட்டியிருந்தா நானும் அதைத்தான் பண்ணியிருப்பேன்.

இந்த எபிசோடைப் போடலாமான்னு போன வாரம் அப்பாகிட்ட கேட்டேன். வேண்டாம்னுதான் சொல்லுவாருன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "என் பேரைப் போடணும்னா போட்டுக்கோ. அந்தப் பையன் பேரு மட்டும் வரக் கூடாது"ன்னாரு.

அப்பா பேரைச் சொன்னா இடம் தெரிஞ்சிடும், இடம் தெரிஞ்சா அவனைத் தேடிடுவாங்க. அதனால ரெண்டுமே சொல்லல.

அடுத்த எபிசோட் வழக்கம் போல ஆபீஸ் புலம்பல்தான். பத்திரமா இருங்க மக்களே.